சங்ககிரியில் கிடைத்த பிளாக்

மன்னார்குடி

கார்த்திகை மழையில் மன்னார்குடியைச் சுற்றிலும் சம்பா நன்றாகத் தூர் கட்டி நின்றது. தை பிறந்தால் அறுவடை. அறுவடை தொடங்கிவிட்டால் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் சேரும். திடீர் மழை வருவதற்குள் அவற்றைக் கிடங்குக்கும் அரவை ஆலைக்கும் ஏற்றிவிட வேண்டும். என் சித்தப்பாவின் டாடா 1613 லாரி வருஷம் முழுக்க ஓடினாலும், பெரிய வருமானம் அந்த அறுவடைக் காலத்தில்தான். வண்டியின் வரவு செலவு நோட்டை எழுதுகிறவள் நான். எந்த மாதம் எவ்வளவு வரும் என்பது எனக்கு மனப்பாடம். அந்த வண்டிதான் இன்ஜின் இறங்கிய கோலத்தில் பட்டறை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது.

நடந்தது லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாரம் ஏற்றி வரும்போது ரேடியேட்டர் ஓஸ் வெடித்திருக்கிறது. இன்ஜின் கொதித்து நின்றது. ஆற விடாமல், அவசரத்தில் யாரோ வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டார்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பு அந்தக் குளிர்ச்சியைத் தாங்காது. பட்டறையில் ஆயிலை இறக்கியபோது பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டருக்கும் நான்காவதுக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று தண்ணீர்ப் பாதை வரை இறங்கியிருந்தது. கேம்ஷாப்டை உருவினார்கள். அதிலும் ஒரு எக்ஸாஸ்ட் மூக்கு தேய்ந்து மழுங்கி, பக்கத்து மூக்குகளில் குழி குழியாகப் பொரிந்திருந்தது. அது இந்த விபத்தால் வந்ததில்லை. பல வருஷமாக உள்ளுக்குள்ளேயே தேய்ந்துகொண்டிருந்தது இப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

பட்டறை மேஸ்திரி வழிகளைச் சொன்னார். வெடிப்பைத் துளைத்துத் தைக்கிற மெட்டல் ஸ்டிச்சிங் வேலை இருக்கிறது. இன்ஜின் பிளாக்கின் வெளிச்சுவரில் விழுந்த வெடிப்பென்றால் அது பல வருஷம் தாங்கும். இரண்டு சிலிண்டருக்கு நடுவில், சூடும் அழுத்தமும் ஒன்றாக விழுகிற இடத்தில் அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. கம்பெனியிலிருந்து புது பிளாக் வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு ஒரு சீசன் வருமானம் முழுதும் போய்விடும். பிரித்துப் போட்ட வண்டியிலிருந்து நல்ல பழைய பிளாக் எடுக்கலாம். முழு இன்ஜினாகவே தயார் செய்து வைத்திருப்பதையும் வாங்கலாம்.

"இங்க உட்கார்ந்து போன்ல கேட்டா எல்லாமே நல்ல பிளாக்னுதான் சொல்லுவான். நாமக்கல், சங்ககிரி பக்கம் நேர்ல போய்ப் பாருங்க" என்றார் மேஸ்திரி.

"நீயும் வாம்மா. நான் சாமானைப் பார்க்கறேன், நீ பில்லைப் பாரு" என்றார் சித்தப்பா. கிளம்பினோம்.

முசிறி, தொட்டியம்

திருச்சியைத் தாண்டிக் காவிரியின் வடகரையில் போகும்போது நம் ஊரே கூட வருகிறது. வாழைத்தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால், முசிறிப் பக்கம் கோரை காய்கிற களம். தொட்டியம் வரை மண்ணில் ஈரம் தெரிகிறது. அதற்கப்பால் சாலை ஆற்றை விட்டு விலகியதும் பத்து நிமிஷத்துக்குள் நிலம் வேறாகிவிடுகிறது. செம்மண், கரடு, வேலிகாத்தான், பனை. வயல் இருக்க வேண்டிய இடத்தில் கோழிப்பண்ணையின் நீளமான கூரைகள்.

சித்தப்பா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். "நமக்கு ஆறு இருந்துச்சு, நிலத்தை நம்பினோம். இவங்களுக்கு மழையும் இல்ல, ஆறும் இல்ல. நகையை அடகு வச்சு லாரி வாங்கினாங்க" என்றார். கொங்கு நாட்டின் லாரித் தொழிலைப் பற்றி அங்கே யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். கிணறு வற்றிய குடும்பத்துப் பையன் முதலில் கிளீனராகப் போகிறான். பிறகு டிரைவர், பிறகு பாதிப் பங்கு, கடைசியில் சொந்த வண்டி. உறவுக்குள்ளேயே கடன் கிடைத்தது, உறவுக்குள்ளேயே மெக்கானிக்கும் இருந்தார். எங்கள் பக்கம் ஒரு லாரி கெட்டால் திருச்சிக்கு ஆள் அனுப்புவோம். இங்கே ஒரு தெருவுக்குள்ளேயே எல்லா வேலையும் முடிந்துவிடுகிறது.

நாமக்கல்

நகரத்தின் நடுவே ஒற்றைப் பாறையாக மலை. உச்சியில் கோட்டை, அடிவாரத்தில் குடைவரையாக நரசிம்மர். எதிரே 18 அடி உயரத்தில் ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரை இல்லாமல் மழையிலும் வெயிலிலும் நிற்கிறார். கணித மேதை ராமானுஜனின் குலதெய்வமான நாமகிரித் தாயார் இந்த ஊர்க்காரி. புது லாரி ரோட்டுக்கு வருமுன் இங்கே வந்து எலுமிச்சம்பழம் ஏற்றிப் போவதைப் பார்த்தோம். சித்தப்பாவும் ஒரு துளசி மாலை வாங்கினார்.

ஊருக்கு வெளியே வந்தால் பாடி கட்டும் பட்டறைகள்தான். வெறும் சேசிஸாக வருகிற வண்டி இங்கே கேபினும் தொட்டியும் பெற்று லாரியாகிறது. எரிவாயு டேங்கர்கள் வரிசையாக நிற்கின்றன. வெல்டிங் வெளிச்சம், மரத்தூள், பெயிண்ட் வாசனை. இன்ஜின் பட்டறைகள் இன்னும் உள்ளே, சந்துகளில் இருக்கின்றன.

எங்களுக்குச் சொல்லப்பட்ட பட்டறையில் எழுபதை நெருங்கும் பெரியவர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து ராக்கர் சாப்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டி எது என்று கேட்டார். சொன்னோம்.

"697-ங்களா. நல்ல இன்ஜின்ங்க. ஒழுங்கா வச்சிருந்தா ஆளைக் கைவிடாது."

அந்த இன்ஜினின் பெயரிலேயே அளவு இருக்கிறது. 6 சிலிண்டர், 97 மி.மீ. போர். ஸ்ட்ரோக் 128 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 5,675 சி.சி. அதற்கு முன்னால் வந்த 692-க்கு 92 மி.மீ. போர். இந்த இன்ஜின்களின் வம்சம் ஜெர்மனியில் தொடங்குகிறது. 1954-இல் டாடா நிறுவனம் டைம்லர் பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 1969 வரை அந்த வண்டிகளின் முகத்தில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. பெரியவர் வேலை பழகியது நட்சத்திரம் வைத்த பழைய வண்டிகளில். "அப்ப லேலண்டுக்காரங்க தனி, டாடாக்காரங்க தனிங்க. ஒரு பட்டறையில ரெண்டும் பார்க்க மாட்டாங்க" என்றார். எண்ணூரில் தயாரான லேலண்ட் கோமெட்டுக்குத் தனி மேஸ்திரி, தனி ஸ்பானர், தனி கர்வம்.

தயாராக வைத்திருந்த முழு இன்ஜின் ஒன்றை முதலில் பக்கத்துப் பட்டறையில் காட்டினார்கள். வெள்ளி பெயிண்ட் பளபளத்தது. விலையும் எங்களுக்குக் கட்டுபடியாகிற மாதிரித்தான் இருந்தது. சித்தப்பாவுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. பெரியவர் அதைச் சுற்றி வந்து, சம்பைக் கழற்றிக் காட்டச் சொன்னார். கழற்ற முடியாது, ஓட்டிக் காட்டுகிறோம் என்றார்கள். பெரியவர் திரும்பி நடந்துவிட்டார்.

வெளியே வந்ததும் என்னிடம்தான் சொன்னார். "கண்ணு, இன்ஜின் எதுவா இருந்தாலும் ஒரு மணி நேரம் ஓடுமுங்க. புது பெயிண்ட் அடிச்ச பிளாக்கை நான் வாங்க மாட்டேன். எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கறதை வாங்கு. துடைச்சா உள்ளது தெரியும்."

அன்றைக்கு அவர் பட்டறையில் கற்றுக்கொண்டதில் எனக்கு மறக்காதது டேப்பெட் பாடம். எங்கள் பழைய டேப்பெட்டுகளைச் சித்தப்பா ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். கேம்ஷாப்டை மாற்றினாலும் டேப்பெட்டையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம். பெரியவர் இரண்டை எடுத்து அடியோடு அடி பொருத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நடுவில் ஒளி கசிந்தது.

"நல்ல டேப்பெட்டுக்கு அடிப்பக்கம் நடுவுல துளி மேடா இருக்கோணும். கண்ணுக்குத் தெரியாத மேடு. ரெண்டைச் சேர்த்தா நடுவுல முட்டி, ஓரம் ஆடோணும். இது நடுவுல பள்ளம் விழுந்திருச்சு பாருங்க."

காரணத்தையும் விளக்கினார். கேம் மூக்கு துளி சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். டேப்பெட்டின் அடி துளி மேடாக இருக்கும். இந்த இரண்டும் உரசும்போது டேப்பெட் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் சுழலும். சுழல்வதால்தான் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது. பள்ளம் விழுந்த டேப்பெட் சுழலாது. அது ஒரே கோட்டில் கேமை அறுத்துக்கொண்டே இருக்கும். கிராங்க் 1,800 சுற்று ஓடினால் கேம் அதில் பாதி, 900 சுற்று. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மூக்கும் 54,000 முறை டேப்பெட்டைத் தூக்குகிறது. புது கேம்ஷாப்டில் பழைய டேப்பெட்டைப் போட்டால் புது கேமுக்கு ஆயுள் எத்தனை நாள் என்பதை அந்தக் கணக்கிலேயே புரிந்துகொள்ளலாம்.

சித்தப்பா பையைக் கட்டி வைத்துவிட்டார்.

மதியம் பெரியவர் வீட்டிலேயே சாப்பாடு. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு வேகவைத்த அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். பிறகு கொள்ளு ரசம். நாங்கள் காவிரிக்கரைச் சோற்றில் மூன்று குழம்பு ஊற்றிப் பழகியவர்கள். ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும் அந்தச் சாப்பாடு பட்டறைப் பசிக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. பெரியவரின் மருமகள் மூன்றாம் முறையும் கேட்காமலேயே வைத்தார்.

சங்ககிரி

திருச்செங்கோடு வழியாகப் போனோம். அர்த்தநாரீஸ்வரர் மலையின் அடிவாரத்தில் போர் போடும் ரிக் வண்டிகள் அணிவகுத்து நின்றன. தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்கள் நாடு முழுக்கத் தண்ணீருக்குத் துளை போடுகிறார்கள். அங்கே நிற்க நேரமில்லை.

சங்ககிரியில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மலைக்கோட்டை. தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட இடம். அதன் கீழே ரோட்டின் இரண்டு பக்கமும் லாரி, லாரி உதிரி, டயர், பட்டை ஸ்பிரிங். 1960-களில் இங்கே வந்த சிமெண்ட் ஆலை அந்த வட்டாரத்து லாரிகளுக்கு நிலையான பாரம் கொடுத்தது. வண்டிகள் பெருகியபோது வண்டியைப் பிரித்து விற்கிற தொழிலும் கூடவே வளர்ந்தது.

பிரிக்கும் யார்டுக்குள் முதல்முறை நுழைகிறவர்களுக்கு மனசு சங்கடப்படும். எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட வண்டிகள் கதவு ஓர் இடம், ஆக்ஸில் ஓர் இடமாகக் கிடக்கின்றன. ஒரு கேபினுக்குள் சாமி படம் அப்படியே ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு மேல் யாரோ இரண்டு குழந்தைகளின் பெயர்.

697 பிளாக்குகள் ஓரமாக மரக்கட்டைமேல் அடுக்கியிருந்தன. பெரியவர் எங்களோடு தன் பேரனை அனுப்பியிருந்தார். இருபது வயதிருக்கும். கையில் டார்ச், பீலர் கேஜ், ஒரு நேர் பட்டி, சாக்பீஸ், சின்னக் கேனில் மண்ணெண்ணெய். வந்ததும் அவன் விலை கேட்கவில்லை. ஒவ்வொரு பிளாக்கையும் கவிழ்த்துப் போடச் சொல்லி அடிப்பக்கத்தைப் பார்த்தான்.

இந்த இன்ஜினில் கிராங்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கேப். தொழிற்சாலையில் கேப்பைப் பிளாக்கோடு முறுக்கி வைத்துத்தான் அந்த வட்டத்தைக் குடைகிறார்கள். அதனால் ஒரு பிளாக்கின் கேப் இன்னொரு பிளாக்குக்கு ஆகாது. கேப் காணாமல் போனாலோ மாறினாலோ வட்டம் வட்டமாக இருக்காது. கிராங்க் இறுகும், இல்லாவிட்டால் பேரிங் பொசுங்கும். ஏழையும் சேர்த்து மறுபடி லைன் போர் போடலாம், ஆனால் அது தனிச் செலவு, தனி வேலை.

முதல் பிளாக்கில் கேப்பே இல்லை. "கேப் தனியா தர்றேன், அங்க கிடக்கு" என்று ஒரு குவியலைக் காட்டினார் யார்டுக்காரர். பையன் நகர்ந்துவிட்டான். இரண்டாவதில் ஏழும் இருந்தன. எண்ணைப் பார்த்தால் ஒன்று வேறு பிளாக்கினுடையது, வெட்டின எழுத்தே வேறு மாதிரி இருந்தது. மூன்றாவது பிளாக் கேட்டுக்கு அருகில், இன்னும் அரைகுறையாக வண்டிச் சேசிஸ்மேலேயே உட்கார்ந்திருந்தது. கறுப்பாய்ப் பிசுக்கேறி, சம்பு கழற்றப்படாமல், பார்க்க எந்த அழகும் இல்லாமல் இருந்தது.

"இதைய இறக்குங்க" என்றான் பையன்.

சாயங்காலம் வரை அதைப் பிரித்தார்கள். ஏழு கேப்பும் வரிசை எண்ணோடு வந்தன. மேல் முகத்தில் நேர் பட்டியை வைத்து 4 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு) பீலரை நுழைத்துப் பார்த்தான். எங்கும் போகவில்லை. பிறகு சிலிண்டர்களுக்கு நடுவிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் மண்ணெண்ணெயைத் தடவி, சற்று ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேய்த்தான். வெடிப்பு இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கிற மண்ணெண்ணெய் மேலே ஊறி, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சித்தப்பா டார்ச்சை வாங்கித் தானும் ஒரு தடவை முழுக்கப் பார்த்தார்.

பழைய லைனரை உருவினால்தான் தெரிகிற ஒன்று மிச்சமிருந்தது. இது டிரை லைனர் இன்ஜின். லைனரின் வெளிப்பக்கம் பிளாக்கின் இரும்போடு இறுக்கமாக உட்காரும். முன்னே யாராவது பிளாக்கையே குடைந்து தடித்த லைனர் அடித்திருந்தால் நமக்கும் அந்த ஓவர்சைஸ் லைனரையே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். யார்டிலேயே ஒரு லைனரை உருவச் செய்து அளந்தோம். ஸ்டாண்டர்ட். அதுவரை கறாராக இருந்த பையன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

இனி என் வேலை. இன்ஜின் நம்பர் பிளாக்கில் வெட்டப்பட்டிருக்கும். ஆர்.சி. புத்தகத்திலும் அதுவே இருக்கும். பிளாக் மாறினால் நம்பர் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி இன்ஜின் மாற்றத்துக்குப் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். எந்த வண்டியிலிருந்து எடுத்த பிளாக், அந்த வண்டியை யார் விற்றார்கள், பிரிக்க ஒப்படைத்த காகிதம் எங்கே என்று கேட்டேன். யார்டுக்காரர் முதலில் சலித்துக்கொண்டார். "இத்தனை கேக்கறவங்க இங்க வர்றதில்லீங்களே" என்றார். ஆனாலும் உள்ளே போய்ப் பழைய ஆர்.சி. நகலையும் விற்பனைச் சீட்டையும் எடுத்துவந்தார். பிளாக்கில் எண் வெட்டியிருந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். எண் இருந்த முகத்தில் தீட்டின தடமோ வெல்டிங் தடமோ இல்லை. பில்லில் அந்த எண்ணை எழுதி வாங்கிய பிறகுதான் பணம் கொடுத்தோம். புது பிளாக்கின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

அதே யார்டில் பழைய கேம்ஷாப்டுகளும் கிடந்தன, ஒரு மூலையில் விறகுபோல. சித்தப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார். பையன் அதை வாங்கிக் கீழே வைத்தான். "பிளாக் பழசு வாங்கலாமுங்க. அதுல தேயற இடத்துக்கெல்லாம் நாம புதுசு போட்டுருவோம். கேம்ல தேயற இடந்தான் கேமே. அதைய பழசு வாங்கக் கூடாதுங்க." எங்கள் பயணத்தில் நான் கேட்ட மிகத் தெளிவான பேச்சு அதுதான்.

இரவு ரோட்டோரக் கடையில் பள்ளிபாளையம் சிக்கன். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும்தான், வேறு மசாலா எதுவும் இல்லை. காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. பக்கத்து மேசையில் ஒடிசாவிலிருந்து இறங்கிய டிரைவர்கள் இருவர் சாப்பிட்டுவிட்டு அங்கேயே பெஞ்சில் படுத்தார்கள்.

கோயம்புத்தூர்

லைனர் அடித்து ரீபோர் செய்ய பிளாக் எங்களுக்கு முன்னே கோவைக்குப் போய்விட்டது. அவிநாசியைத் தாண்டியதுமே காற்றில் குளிர்ச்சி. மன்னார்குடியின் புழுக்கத்தில் பழகிய சித்தப்பா துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

கோவையில் லேத் சத்தம் கேட்காத தெருவைத் தேடத்தான் வேண்டும். பஞ்சாலைகளுக்கு உதிரி செய்யத் தொடங்கிய ஊர். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் மோட்டார், பம்பு, வார்ப்பாலை என்று கிளை விரித்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு கடைசியில் இயந்திரங்களையே செய்ததும் இந்த மண்ணில்தான். கிராங்குக்குப் போடுகிற பேரிங் செய்யும் பைமெட்டல் நிறுவனத்தின் ஆலையும் இங்கே இருக்கிறது.

நாங்கள் போன ரீபோரிங் பட்டறையில் பேச்சுக் குறைவு. தரையில் ஆயில் சொட்டு இல்லை. போர்மேன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்கள் பிளாக்கின் கேப்புகளைப் பேரிங் இல்லாமல் முறுக்கினார், டார்க் ரெஞ்சில் கணக்குப் பார்த்து. பிறகு போர் டயலை ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் விட்டு நிறுத்தி, சாய்த்து, மறுபடி நிறுத்திப் பார்த்தார். முள் அசைவதை ஒரு நோட்டில் குறித்தார். ஏழும் அளவுக்குள். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பாதைகளை அடைத்து அழுத்தச் சோதனை. எங்கும் கசிவு இல்லை. சங்ககிரியில் சாக்பீஸ் சொன்னதை இங்கே இயந்திரமும் சொன்னது.

கேம்ஷாப்ட் பேச்சு இங்கேதான் முடிவுக்கு வந்தது. எங்கள் பழையதை இரண்டு முனையிலும் தாங்கி வைத்து டயலை மூக்கில் நிறுத்திச் சுழற்றினார். நல்ல மூக்குக்கும் தேய்ந்த மூக்குக்கும் தூக்கலில் 40 தவ் வித்தியாசம். அதாவது அந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு 1 மி.மீ. அளவுக்குக் குறைவாகத் திறந்துகொண்டிருந்தது. ராக்கர் விகிதத்தைச் சேர்த்தால் அதற்கும் மேலே. பாரத்தில் கரும்புகை தள்ளுகிறது என்று இரண்டு வருஷமாகப் பம்பையும் நாசிலையும் மாற்றிக்கொண்டிருந்த செலவு என் நோட்டில் இருக்கிறது.

"கிரைண்ட் பண்ணிப் போடலாமா?" என்று கேட்டார் சித்தப்பா.

போர்மேன் பொறுமையாகச் சொன்னார். கேமின் மேல்தோல்தான் கெட்டி. சில கேம்களை வார்க்கும்போதே மூக்குப் பக்கம் இரும்பு அச்சு வைத்துச் சட்டென்று குளிரவிட்டு அந்தக் கெட்டியைக் கொண்டுவருவார்கள். வேறு சிலவற்றைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துவார்கள். எப்படியானாலும் அந்தக் கெட்டி ஓர் ஆழம் வரைக்கும்தான். 40 தவ் தேய்ந்ததைச் சரிசெய்ய மற்ற எல்லா இடத்தையும் அந்த அளவு தீட்ட வேண்டும். தீட்டினால் கெட்டித் தோல் போய்விடும். "அப்புறம் ஒரு சீசன் தாங்குமுங்க. உங்களுக்கு அறுவடை முடியறதுக்குள்ள திரும்பக் கழட்டோணும்."

கடைகளில் மூன்று விலையில் கேம்ஷாப்ட் கிடைக்கிறது. பெயரில்லாத ஒன்று பாதி விலைக்கு இருந்தது. டர்போ வண்டிக்கும் டர்போ இல்லாததற்கும் கேமின் வடிவமும் வால்வு திறக்கும் நேரமும் மாறலாம் என்பதால், 697 என்று மட்டும் கேட்டு வாங்காமல் பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு போகச் சொன்னார் போர்மேன். கம்பெனி கேம்ஷாப்டும் பன்னிரண்டு புது டேப்பெட்டும் வாங்கினோம். சித்தப்பா டேப்பெட் பெட்டியைத் திறந்து இரண்டை எடுத்து, அடியோடு அடி வைத்து, கடை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஓரம் ஆடியது. கடைக்காரர் மரியாதையோடு பார்த்தார்.

லைனர் அடித்து, குடைந்து, ஹோனிங் போட்ட பிறகு சிலிண்டருக்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தன. அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். ஒரு பையன் சோப்புத் தண்ணீரில் ஒவ்வொரு சிலிண்டரையும் தேய்த்துக் கழுவினான். வெள்ளைத் துணியால் துடைத்தான். துணி சாம்பல் நிறமானது. மறுபடி கழுவினான். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை. அந்தச் சாம்பல், ஹோனிங் கல்லின் பொடி. அது உள்ளே இருந்தால் புது ரிங்கை முதல் நாளே தின்றுவிடும். இந்த ஒரு வேலைக்காகவே அந்தப் பட்டறைக்கு எத்தனை தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

கடைசியாகக் கேம் புஷ். போர்மேன் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். புஷ்ஷில் உள்ள ஆயில் துளை பிளாக்கின் துளைக்கு நேராக நிற்க வேண்டும். துளி திரும்பினால் மேலே ராக்கருக்கு ஆயில் ஏறாது. அவர் ஒரு கம்பியை விட்டுத் துளை நேராக நிற்கிறதா என்று சோதித்த பிறகே அடுத்ததை அடித்தார்.

மன்னார்குடி மேஸ்திரிக்கு ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தார். மூக்குகளில் கறுப்புப் பசை தடவாமல் கேமை ஏற்றக் கூடாது. முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடக் கூடாது, 1,500 சுற்றுக்கு மேலே இருபது நிமிஷம் ஓட்ட வேண்டும். கேமுக்குப் போகும் ஆயிலில் பெரும்பகுதி கிராங்க் சுழன்று தெளிப்பது. மெதுவாக ஓடினால் தெளிப்புப் போதாது.

மார்கழிக் கடைசியில் இன்ஜின் வண்டியில் ஏறியது. மேஸ்திரி கோவைக் குறிப்பைச் சுவரில் ஒட்டிவைத்து, அதில் உள்ளபடியே ஓட்டினார். பதிவு அலுவலகத்தில் புது இன்ஜின் எண்ணுக்கான விண்ணப்பத்தோடு சங்ககிரி பில்லையும் பழைய ஆர்.சி. நகலையும் வைத்தேன். தை அறுவடைக்கு வண்டி நெல் ஏற்றியது. பாரத்தில் கரும்புகை இல்லை.

பழைய பிளாக் வாங்கப் போகிற லாரிக்காரர்களுக்கு: பெயிண்ட் அடித்ததை விடுங்கள். ஏழு கேப்பும் அதே பிளாக்கின் எண்ணோடு இருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். பில்லில் இன்ஜின் நம்பர் ஏறாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கேம்ஷாப்டையும் டேப்பெட்டையும் புதிதாக, ஒன்றாக வாங்குங்கள்.